மணிக்கணக்காகப் படித்தும் மதிப்பெண் சரிகிறதே!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் நான்கு செமஸ்டரில் சராசரி பத்துக்கு 8.0 இருந்தது. ஐந்தாவதில் 6.0 தான் வந்தது. அதிலிருந்து இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து படிக்கிறேன். ஆனாலும் புத்தகத்தைத் திறந்தாலே வெறுப்பாக இருக்கிறது, படித்தது எதுவும் நிற்பதில்லை. இன்னும் எத்தனை மணி நேரம் கூட்டினால் சரியாகும்?
– ஒரு மாணவி

பதில்: கூட்டாதீர்கள், குறையுங்கள். தீராத அசதி, பாடத்தின் மேல் வெறுப்பு, ‘நமக்கு வராது’ என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது படிப்புச் சோர்வு. அந்த நிலையில் கூட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்திலிருந்துதான் போகிறது. பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாகப் பதிப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டினால் படித்ததும் சேர்ந்தே போகும்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு, எழும் நேரத்தை மட்டும் முதலில் நிலையாக்குங்கள். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறரைக்கு எழுவதானால் பதினொன்றுக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். விடுமுறை நாளில் மதியம் வரை தூங்கினால் உடல் கடிகாரம் தள்ளிப்போய், அன்று இரவு தூக்கம் வராது. பலருடைய திட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் உடைகிறது. குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். அதனால் கடைசிக் காபியை மதியத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, படிக்கும் முறை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் பழகிய முகம் போலத் தோன்றும்; தெரிந்துவிட்டதாக நம்பிவிடுவோம். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

ஆகவே 25 நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதை 10 நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் நிரப்புங்கள். ஐந்து நிமிட ஓய்வு. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அதே பகுதியை மீண்டும் மூடிவைத்து எழுதுங்கள். முதல் நாள் தாள் பாதி காலியாக இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடுபவர்களே அதிகம். ஆனால், ஞாபகப்படுத்தத் திணறுகிற அந்த நேரத்தில்தான் பாடம் பதிகிறது. ஒரு நாளைக்கு இப்படி நான்கு சுற்று போதும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எல்லா செமஸ்டருக்கும் கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் எடை அளவு) சமம் என்றால் இப்போது உங்கள் சராசரி 7.6. மீதமுள்ள மூன்று செமஸ்டரிலும் சுமார் 8.7 எடுத்தால் மறுபடி 8.0 வரும். 8.0 எடுத்தாலே 7.75 வந்துவிடும். அடுத்த செமஸ்டருக்கு 7.5-ஐக் குறிவைத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு பிறகு ஏறுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பள்ளி இறுதியாண்டு படிக்கும் மகன் மதிப்பெண் குறைந்ததிலிருந்து அறைக்குள்ளேயே கிடக்கிறான். இது சோம்பலா, சோர்வா?
– ஒரு தாய்

பதில்: அவனுக்குப் பிடித்ததைக் கவனியுங்கள் அம்மா. விளையாட்டும் நண்பர்களும் இன்னும் இனித்து, பாடம் மட்டும் கசந்தால், அடிப்படையில் எங்கோ ஒரு பகுதி புரியாமல் போயிருக்கலாம். ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வான். ‘எந்தப் பாடத்திலிருந்து புரியாமல் போச்சு?’ என்று கேளுங்கள். விடைத்தாள்களை எடுத்து, தெரியாமல் விட்டது, தெரிந்தும் மறந்தது, அவசரத்தில் தவறியது என்று பிழைகளை இருவரும் சேர்ந்தே வகை பிரித்துப் பாருங்கள். முதல் வகைக்கு ஆசிரியர் வேண்டும்; இரண்டாவதற்கு மேலே சொன்ன எழுதிப் பார்க்கும் முறை; மூன்றாவதற்கு நேரம் வைத்து மாதிரித் தேர்வு.

பிடித்தவையும் கசந்து, தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு இரண்டும் இதே அசதியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள்.

கேள்வி: படிப்பில் இப்படிச் சோர்ந்திருப்பதை ஆசிரியரிடம் சொல்லலாமா? சாக்கு என்று நினைப்பாரோ?

பதில்: தேர்வு முடிந்த பிறகு சொன்னால் அப்படி நினைக்கக்கூடும். முன்னதாகவே போய், ‘ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்’ என்று நிறுத்தாமல், ‘மூன்றாம் அலகு புரியவில்லை, அசைன்மென்ட்டுக்கு நான்கு நாள் கூடுதலாக வேண்டும்’ என்று அளவாகக் கேளுங்கள். ஒரு பாடத்தைக் கைவிட விதி அனுமதிக்குமானால், அதற்கான கடைசித் தேதியையும் அன்றே விசாரித்துக்கொள்ளுங்கள்.