மகனிடம் கேட்ட கேள்விகள் எனக்கும் பொருந்துகின்றனவே?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 36, கணக்காளர். என் மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்பு தொடர்பான கோளாறு) என்றார்கள். மருத்துவர் கேட்டதெல்லாம் என்னைப் பற்றியே கேட்டதுபோல் இருந்தது. ஆனால் நான் பள்ளியில் குறும்பு செய்ததே இல்லை. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்விலும் நல்ல தேர்ச்சி. பதற்றத்துக்கு மருந்து எடுத்தும் பெரிய மாற்றமில்லை. எனக்கும் இருக்குமா? எங்கே போவது?

பதில்: இருக்கலாம். ஏடிஎச்டி பெரும்பாலும் மரபுவழி வருவது. பிள்ளைக்குத் தெரிந்த பிறகு தனக்கும் பார்க்க வரும் அம்மாக்கள் நிறைய.

வகுப்பில் ஒரு இடத்தில் உட்காராத பையனை ஆசிரியர் உடனே கவனித்துவிடுவார். யாருக்கும் தொந்தரவு தராமல் ஜன்னலைப் பார்த்திருக்கும் பெண் பிள்ளைக்கு “கெட்டிக்காரி, கொஞ்சம் மறதி” என்ற பெயரோடு சரி. வீட்டில் வாங்கும் திட்டுக்குப் பயந்து, இரவெல்லாம் விழித்து, எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து அவள் ஈடுகட்டப் பழகிவிடுவாள். வேலை, கல்யாணம், குழந்தை என்று சுமை கூடும்போதுதான் அது தாங்காமல் போகிறது. அப்போது மருத்துவர் கண்ணில் படுவது பதற்றமும் மனச்சோர்வும்தான். அவை பொய்யல்ல, ஏடிஎச்டியோடு சேர்ந்தே இருக்கக்கூடியவை.

பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கு அனுப்பலாம். தனியாரில் சீக்கிரம் பார்க்கலாம், செலவு கூடும். தைராய்டு, இரத்தசோகை, தூக்கக் கோளாறு ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏடிஎச்டியை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. இணையத்தில் வரும் கேள்வித்தாளும் முடிவு சொல்லாது.

மருத்துவர் முக்கியமாகத் தேடுவது, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தனவா என்பதை. பெண்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அம்மாவிடம் “நான் எப்படி இருந்தேன்?” என்று கேட்டால் “சமத்தாத்தான் இருந்தே” என்பார். அப்படிக் கேட்காதீர்கள். பள்ளிப்பையை யார் அடுக்கினார்கள், எத்தனை தண்ணீர் பாட்டில் தொலைத்தேன், வீட்டுப்பாடம் முடிய எவ்வளவு நேரமானது என்று கேளுங்கள். பழைய தேர்ச்சி அறிக்கை இருந்தால் எடுத்துப் போங்கள். புள்ளிகளைவிட ஆசிரியர் எழுதிய குறிப்புதான் உதவும். இப்போதைய நிலையைச் சொல்லும்போது “வேலையை முடித்துவிடுவேன்” என்று நிறுத்தாதீர்கள். அதை முடிக்க எத்தனை இரவு போகிறது என்பதையும் சொல்லுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்குக் கவனம் இன்னும் மோசமாகும். உங்களுக்கும் அப்படியென்றால் தேதியோடு குறித்து வையுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். மகனின் மாத்திரையில் ஒன்றைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். ஏடிஎச்டிக்குத் தரும் மெதில்பெனிடேட் வகை மருந்து அது இல்லாதவருக்கும் சுறுசுறுப்புத் தரலாம், அதனால் அது எதையும் நிரூபிக்காது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் வேறு கூட்டும். பதற்றத்துக்கான மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதன் பெயரையும் அளவையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.