75 வயதில் வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாம், 100 வயதில் ஈசாக்கு பிறக்கும்வரை சந்தேகமே படாமல் காத்திருந்தாரா?

இல்லை. அவர் சந்தேகப்படவில்லை என்பது புதிய ஏற்பாட்டில், ரோமர் 4-ல் பவுல் எழுதியது. பிரசங்கங்களில் அதையே கேட்டுப் பழகியதால், அவர் கதையைச் சொல்லும் ஆதியாகமத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆதியாகமம் 12 முதல் 21 வரை, வயதுகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஆரான் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆபிராமுக்கு (ஆபிரகாமின் முதற்பெயர்) 75. மனைவி சாராய் (பிறகு சாராள்) பத்து வயது இளையவள், அப்படியானால் 65. 15-ஆம் அதிகாரத்தில் அவர் கடவுளிடம் நேராகவே குறைப்படுகிறார்: பிள்ளை இல்லை, வீட்டு விசாரணைக்காரன் எலியேசர்தான் எனக்கு வாரிசா? வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தபின் 6-ஆம் வசனத்தில் விசுவாசிக்கிறார். 8-ஆம் வசனத்திலேயே, தேசம் எனக்குக் கிடைக்கும் என்று எதினால் அறிவேன் என்று அடையாளம் கேட்கிறார். இடையில் ஒரே ஒரு வசனம்!

அடுத்தது ஆகார். பிள்ளை இல்லாததால் சாராய் தன் அடிமைப்பெண்ணான இவளைக் கணவனுக்குக் கொடுக்கிறாள்; இஸ்மவேல் பிறக்கிறான். இதை "அவசரப்பட்டுச் செய்த அவிசுவாசம்" என்று சொல்வது எனக்கு ஒப்பில்லை. அதுவரை வந்த வாக்கில் சாராயின் பெயரே கிடையாது; "உனக்குப் பிறப்பவன்" என்று ஆபிராமிடம் சொன்னதோடு சரி. அவள் பெயர் வருவது 17:16-ல், அவருக்கு 99 வயதாகும்போது. தவிர, பிள்ளையில்லாத மனைவி அடிமைப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுப்பது அன்றைய வழக்கம். அப்படிக் கொடுக்கப்பட்டவள் நாச்சியாருக்குச் சமமாக நடந்துகொண்டால் என்ன செய்வது என்றுகூடப் பழைய பாபிலோனின் ஹமுராபி சட்டத்தில் (146) விதி இருக்கிறது. ஆகார் விஷயத்தில் வெடித்ததும் அதே தகராறுதான். 16-ஆம் அதிகாரம் முழுவதிலும் கடவுள் இதற்காக ஆபிராமையோ சாராயையோ கண்டிக்கவில்லை.

கானானில் குடியிருந்து பத்து வருஷம் கழித்து ஆகாரைக் கொடுத்தாள் என்ற 16:3-லிருந்துதான், பிள்ளையில்லாத தம்பதி பத்து வருஷம் பார்க்க வேண்டும் என்ற கணக்கை யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூத் எடுக்கிறது (யெவாமோத் 64).

16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவருக்கு 86. 17-ன் முதல் வசனத்தில் 99. நடுவில் 13 வருஷம், ஒரு வார்த்தை இல்லை. மறுபடி வாக்கு வரும்போது ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். இஸ்மவேல் பிழைத்திருந்தால் போதும் என்கிறார். சிரித்ததற்காகச் சாராளை மட்டும் குறைசொல்பவர்கள் 17:17-ஐயும் படிக்கலாம். 18:12-ல் அவள் "என் கணவரும் கிழவர்" என்று சேர்த்துத்தான் சொன்னாள். அதை ஆபிரகாமிடம் சொல்லும்போது கடவுள் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார். குடும்பச் சமாதானத்துக்காக என்பது யூத ரபிகளின் விளக்கம்.

ஈசாக்குக்குக் கல்யாணம் 40-ல், பிள்ளைகள் 60-ல். இருபது வருஷக் காத்திருப்பும் ஜெபமும் ஒரே வசனத்தில் (25:21) முடிகிறது.

காத்திருப்பதையே விட்டுவிட்டவளும் உண்டு. 2 இராஜாக்கள் 4-ல் வரும் சூனேம் ஊர்க்காரியின் கணவன் கிழவன்; அவள் பிள்ளை வேண்டுமென்று கேட்கவே இல்லை. தீர்க்கதரிசி எலிசா பிள்ளை பிறக்கும் என்று வாக்குக் கொடுக்கும்போது, என்னிடம் பொய் சொல்லாதேயும் என்கிறாள். பிறந்த பிள்ளை பிறகு இறந்துபோனதும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, நான் உம்மிடம் பிள்ளை கேட்டேனா என்கிறாள். எலிசா அதற்குப் பதில் சொல்லவில்லை. தன் தடியை வேலைக்காரன் கேயாசியிடம் கொடுத்து முன்னால் ஓடச் சொல்கிறார்.