சொந்தத் தளத்தில் வலைப்பதிவு சேர்க்கலாமா? கரையோரக் கேள்விகளும் பதில்களும்

கையால் வடிவமைத்த தளம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் வலைப்பதிவும் வேண்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வந்த கேள்விகளின் சாரம் இதுதான். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

மண்டபம், கருவாட்டுக் கடை: நாலு பக்க எச்டிஎம்எல் தளம் வைத்திருக்கிறோம். வாராவாரம் சரக்கு பற்றி எழுத வேண்டும். மொத்தத்தையும் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளுக்கு மாற்றச் சொல்கிறார்களே?

வேண்டாம் அண்ணே. உங்கள் ஹோஸ்டிங்கில் (தளம் இருக்கும் சர்வரில்) வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் இருந்தால் போதும். 'பிளாக்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் மட்டும் வேர்ட்பிரஸை நிறுவுங்கள். விலைப்பட்டியல், முகப்பு எதையும் அது தொடாது. ஒரே சொடுக்கில் நிறுவும் வசதியைப் பயன்படுத்தினால் 'டைரக்டரி' கட்டத்தைக் கவனியுங்கள். காலியாக விட்டால் தளத்தின் தலைவாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாத 61 நாளில்தான் கருவாட்டைத் தேடுவார்கள். மார்ச்சிலேயே எழுதத் தொடங்குங்கள்.

ராமேஸ்வரம், தங்கும் விடுதி: நிறுவிவிட்டேன். ஆனால் வலைப்பதிவுக்குள் போனால் வேறு யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கிறது. எங்கள் மெனு அங்கேயும் வருமா?

வரும். இதற்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும், வலைப்பதிவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் ஒன்றை நீங்களே செய்ய வேண்டும். பழைய பாணித் தீமுக்குக் கட்டாயம் வேண்டியவை ஸ்டைல்.சிஎஸ்எஸ், இன்டெக்ஸ்.பிஎச்பி என்ற இரண்டு கோப்புகள்தான். ஸ்டைல் கோப்பின் உச்சியில் தீமின் பெயரை எழுதுங்கள். உங்கள் பக்கம் ஒன்றை எடுத்து, எழுத்து தொடங்கும் இடம் வரை வெட்டி ஹெட்டர்.பிஎச்பியில் வையுங்கள். எழுத்து முடிந்தபின் வருவது ஃபுட்டர்.பிஎச்பி. ஹெட் முடியும் முன் டபிள்யூபி ஹெட், பாடி முடியும் முன் டபிள்யூபி ஃபுட்டர் என்ற அழைப்புகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் பாதி பிளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் நிரல்கள்) வேலை செய்யாது.

அப்புறம், லோகோ இருந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியும். பட முகவரி 'இமேஜஸ்' என்று தொடங்கியிருப்பதால் வலைப்பதிவு ஃபோல்டருக்குள் தேடுகிறது. முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் சரியாகிவிடும்.

மெனுவை மட்டும் தனிக் கோப்பாக்கி இரண்டு பக்கமும் இன்க்ளூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அறை வாடகைப் பக்கத்தின் பெயரை மாற்றும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும்.

கீழக்கரை, தொதல் வியாபாரம்: தமிழில் தலைப்பு வைத்தால் முகவரி பாதியில் அறுந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியாகக் கொட்டுகிறது.

முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியது 200 எழுத்து. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் 3 பைட். அதை முகவரியாக மாற்றினால், பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக, 9 இடம் பிடிக்கும். 'கீ' என்பதே க ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறியீடு. "கீழக்கரை தொதல் செய்முறை" என்ற மூன்று சொல்லுக்கே 191 போய்விடுகிறது, நாலாவது சொல்லுக்கு இடமேது?

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரித் துண்டுக்கான 'ஸ்லக்' பெட்டியில் மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள். ஏற்கெனவே வெளியிட்ட பதிவுகளுக்கும் தைரியமாக மாற்றலாம் அக்கா, பழைய இணைப்பில் வருகிறவர்களை வேர்ட்பிரஸே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும்.

தொண்டி: எங்கள் தளம் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஓடுகிறது. வேர்ட்பிரஸ் ஏறுமா?

ஏறாது. அங்கே பிஎச்பி ஓடாது. பதிவுகளை எச்டிஎம்எல் பக்கங்களாக்கும் ஜெக்கில் என்ற கருவி ஓடும், ஆனால் எழுதுகிறவர் கோப்பு மாற்றங்களைப் பதிந்து அனுப்பும் கிட் என்ற கருவியைப் பழக வேண்டும். பழக மனமில்லையா, துணை டொமைன் ஒன்றை கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகருக்குத் திருப்பிவிடுங்கள். பிளாகரிலிருந்து எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) வழியாகச் சொந்தத் தளத்தில் வெளியிடலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அந்த வசதி 2010இலேயே நின்றுவிட்டது.

பாம்பன்: பாலப் படங்கள் போட்டே இடம் நிறைந்துவிட்டது.

வேர்ட்பிரஸ் 5.3 முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்குச் சிறிய நகல் எடுத்துக் காட்டுகிறது. மூலப்படமும் சர்வரிலேயே கிடக்கும். போனிலேயே 1600க்குக் குறைத்து ஏற்றுங்கள்.

முண்டு மிளகாய் விற்பவர், ராமநாதபுரம்: முகப்பில் புதிய மூன்று தலைப்பு தானாக வரவேண்டும்.

வேர்ட்பிரஸ் 4.7இலிருந்து, வெளிப் பக்கங்கள் பதிவு விவரங்களைக் கேட்டு வாங்க உதவும் ரெஸ்ட் ஏபிஐ உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதினால் முகப்பு எச்டிஎம்எல்லாகவே இருந்தாலும் தலைப்புகள் வந்துவிடும்.

சாயல்குடி, கருப்பட்டி: தளம் செய்து கொடுத்த தம்பி வெளிநாடு போய்விட்டார். அப்டேட் பார்க்க ஆளில்லை.

அப்படியானால் வேர்ட்பிரஸ் உங்களுக்கு வேண்டாம் ஐயா. அப்டேட் செய்யாத வேர்ட்பிரஸ் திறந்துபோட்ட வீடு. நீங்களும் பிளாகருக்கே போங்கள். வேர்ட்பிரஸ்தான் வேண்டுமென்றால் தானியங்கி அப்டேட்டைப் போட்டுவிட்டு, டேட்டாபேஸ், டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் இரண்டையும் நகலெடுத்து வையுங்கள். ஃபோல்டரை மட்டும் எடுத்தால் படங்கள்தான் மிஞ்சும், எழுதியது மிஞ்சாது. தம்பி ஊரில் இல்லாவிட்டாலும் சரி, டொமைனின் பாஸ்வேர்டை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.