மே மாத வருமானத்தை நம்பி ஜூலை டியூவை ஏற்காதீர்கள்

கேள்வி: கொடைக்கானலில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். குழுக் கடனாக 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன். இரண்டு வருடக் கடன், மாதம் 2,133 ரூபாய் டியூ. பயிற்சி வகுப்பில் சொன்னபடி வரவு செலவு நோட்டு எழுதுகிறேன். நோட்டில் லாபம் தெரிகிறது. ஜூன், ஜூலையில் டியூ கட்டக் கையில் காசு இல்லை. இன்னொரு கம்பெனி 30,000 தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் தொழிலில் குறை இல்லை. நோட்டில்தான் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது: வர வேண்டிய பாக்கி.

மே மாதம் கடைக்குப் போட்ட சரக்கை அன்றைக்கே வரவு என்று எழுதியிருப்பீர்கள். கடைக்காரரோ விற்ற பிறகுதான் பணம் தருவார், அதையும் பாதி பாதியாக. சாக்லேட் கட்டியும் பேக்கிங் கவரும் நீங்கள் ரொக்கம் கொடுத்து வாங்கியவை. ஆக, நோட்டில் இருக்கும் லாபம் உண்மையில் கடை அலமாரியில் கிடக்கிறது. டியூவை லாபத்தால் கட்ட முடியாது, ரொக்கத்தால்தான் கட்ட முடியும். என் வகுப்புகளிலேயே இதை ரொம்ப நாள் அழுத்திச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு. நோட்டின் பின்பக்கத்தில் கடைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சரக்குப் போட்ட தேதி, தொகை, பணம் வந்த தேதி. ஒரு மாதம் தாண்டியும் பாக்கி வைக்கும் கடைக்கு அடுத்த சரக்கு பாதி ரொக்கத்துக்கு மட்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள், அது உங்கள் பணம்.

அப்புறம் சீசன். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அது சட்டத்தின் எல்லை. மலையில் இருப்பவர்களுக்கு நான் இன்னும் இறுக்கமாகச் சொல்வேன்: அந்தப் பாதியை ஜூலை வருமானத்தில் கணக்குப் போடுங்கள், மே வருமானத்தில் அல்ல. புதுக் கடனும் இதே வட்டியில், இதே இரண்டு வருடத்துக்கு வந்தால் இன்னொரு 1,600 சேர்ந்து மாதம் 3,733 ஆகும். மழையில் கடைத்தெரு வெறிச்சோடும் மாதத்தில் அதை எங்கிருந்து எடுப்பீர்கள்? மூன்றாவது கடனிலிருந்துதான். அதோடு, நீங்கள் தவறினால் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் தலையிலும் அது விழும்.

அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வாரம் 1,000 ரூபாய் தனிக் கணக்கில் போடுங்கள். எட்டு வாரத்தில் 8,000. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று டியூவும் 6,399 தான். அதற்கு மேலும் மிஞ்சினால் கடனில் முன்கூட்டியே கட்டலாம், அதற்கு அபராதம் போடக் கூடாது என்பதும் அதே விதி.

உங்கள் வட்டியையும் பார்த்துவிடலாம். '14 சதவீதம்தான்' என்று சொல்லித்தான் தந்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு 11,200 வட்டி, மொத்தம் 51,200. 24ஆல் வகுத்தால் உங்கள் 2,133 வந்துவிடுகிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழு 40,000க்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குப் போட்டால் இது சுமார் 25 சதவீதம். இந்த உண்மையான ஆண்டு விகிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. கடன் விவரமும் நீங்கள் கட்டிய தவணைகளும் எழுதித் தரும் கடன் அட்டையும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இந்த மாத டியூவுக்கு முதலில் கடைப் பாக்கியை வசூலியுங்கள். போதாவிட்டால், தேதிக்கு முன்பே கிளை மேலாளரிடம் போய் அவகாசம் கேளுங்கள். தாமத அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் இல்லை. வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வந்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குப் பேசலாம்.