காலி மனையில் தோட்டம்: வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவில் ஒரு கிரவுண்டு மனை குப்பைமேடாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். நாங்களே சுத்தம் செய்து கீரை போடலாமா?
(வேளச்சேரி வாசகி)

குப்பையை அள்ளினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேலி போட்டால்தான் வம்பு. 12 ஆண்டு அடுத்தவர் கையில் இருந்தால் இடம் போய்விடும் என்பது மனைக்காரர்களின் நிரந்தர பயம். ஆனால் அனுமதியின் பேரில் இருப்பவர் அனுபவ பாத்தியதை (நெடுநாள் கையில் இருந்ததால் இடம் எனக்கே என்ற உரிமை) கோர முடியாது. ஆகவே 11 மாத ஒப்பந்தம் எழுதி, கேட்டதும் காலி செய்வோம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அந்தக் காகிதம் காப்பாற்றப்போவது அவரைத்தான் என்று புரியவைத்தால் சம்மதிப்பார். மாங்கன்று மட்டும் வைக்காதீர்கள்; வெட்டுகிற அன்று தெருவே அழும்.

தோண்டினால் செங்கல்லும் சிமெண்டுமாக வருகிறது. எரு கொட்டினால் சரியாகுமா?
(அம்பத்தூர் வாசகர்)

ஆகாது. நானும் முதல் மனையில் ஒரு டிராக்டர் சாணி எருவைக் கொட்டி ஏமாந்தவன்தான். சிமெண்டுத் துகளால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாகும். பழைய வீடு இடித்த மனை என்றால் பெயிண்ட்டில் இருந்த ஈயமும் கலந்திருக்கலாம். கீரை, முள்ளங்கி, கேரட்டில் அது சேரும் அளவுக்குத் தக்காளி, கத்தரி, வெண்டையில் சேராது. வழக்கமான மண் பரிசோதனையில் ஈயம் பார்க்க மாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும். எளிய வழி, ரப்பிஷ் (கட்டட இடிபாடு) மேலேயே கனத்த துணி விரித்து, செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரப் பாத்தி கட்டுவது. செம்மண், மக்கிய எரு, கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் கலந்து நிரப்புங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், நாற்று கருகும்.

தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்?

கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நூறு சதுர மீட்டர் பாத்திக்கு 500 லிட்டர், அதாவது 25 குடம். லாரித் தண்ணீர் வாங்கி வெண்டைக்காய் வளர்ப்பது கட்டுப்படியாகாது. சருகைப் பரப்பி மண்ணை மூடும் மூடாக்கு போட்டால் தண்ணீர்ச் செலவு குறையும். ஏசி தண்ணீர் ஊற்றலாம். ஆர்ஓ (குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம்) கழிவுநீர் உப்பு, வேண்டாம். டிரம்முக்கு மூடி அவசியம், இல்லையென்றால் டெங்கு கொசுதான் முதல் அறுவடை.

விளைந்ததை யார் எடுப்பது?

ஆளுக்கொரு பாத்தி பிரித்துவிடுங்கள். மூன்று வாரம் எட்டிப்பார்க்காதவர் பாத்தி அடுத்தவருக்கு. இதை முதல் நாளே பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள். அப்புறம் சொன்னால் சண்டைதான்.