நாலு பேர், நாலு பத்தியம், ஒரே அடுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சாயங்காலம் ஐந்து மணி ஆனாலே எங்கள் வீட்டில் பிரச்சினைதான். அப்பாவுக்குச் சர்க்கரை, மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கணவர் மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் வைத்திருக்கிறார். மகள் பால்கூடத் தொடாத வீகன். மகனுக்கு சீலியாக், கோதுமை துளியும் ஆகாது. ஆனால் நால்வருக்கும் பிடித்தது ஒன்றுதான்: பாப்கார்ன், வறுத்த கடலை, உருளைக்கிழங்கு சிப்ஸ். ஆளுக்கொரு 'டயட்' பாக்கெட் வாங்கிச் சலித்துவிட்டது. எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரே பண்டம் எது? பாதாம், முந்திரியெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார் கணவர். சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

வணக்கம்.

அப்படி ஒரே பண்டம் கிடையாது. தேடினால் கடைசியில் வெள்ளரிக்காயில் போய் நிற்பீர்கள், அதை ஐந்து மணிக்கு யாரும் ஆசையாகக் கேட்கப்போவதில்லை. வேறு வழி இருக்கிறது. அடுப்பில் ஏறுவதை வெறுமையாக, எண்ணெயும் உப்பும் மட்டும் போட்டுச் செய்யுங்கள். மேலே தூவுவதையும் கிண்ணத்தின் அளவையும் ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒத்துவராதது பெரும்பாலும் பண்டமல்ல, அதன் மேல் ஒட்டியிருக்கும் பொடிதான்.

பாப்கார்னை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் குளூட்டன் (கோதுமை, பார்லியில் இருக்கும், சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாத புரதம்) இல்லை, பாலும் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் கடையில் 'சீஸ்', 'பட்டர்' என்று வருவதில் பால் பொடி இருக்கலாம். காரப் பொடிகளில் கோதுமை மாவோ பார்லி மால்ட்டோ சேர்ந்திருக்கலாம். சோயா சாஸ் பொடியும் அப்படித்தான், வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே செய்யப்படுகிறது. ஆகவே பாப்கார்னுக்கான வெறும் மக்காச்சோள மணிகளை வாங்கி வீட்டில் பொரியுங்கள்.

நால்வருக்கு 50 கிராம் சோளம், ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் போதும், ஆறு கப் வரை வரும். அடி கனமான பெரிய பாத்திரத்தில் எண்ணெயை மிதமான தீயில் வைத்து மூன்று மணிகளை மட்டும் போட்டு மூடுங்கள். அவை வெடித்ததும் மீதியைக் கொட்டி, அரை நிமிடம் அடுப்பிலிருந்து இறக்கி வைத்து, பிறகு திரும்ப ஏற்றுங்கள். அந்த அரை நிமிடத்தில் எல்லா மணிகளும் ஒரே சூட்டுக்கு வரும், அதனால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும். மூடியை ஒரு நூல் அளவு விலக்கி வையுங்கள். இறுக மூடினால் நீராவி வெளியேற வழியின்றிப் பொரி சவசவவென்று ஆகிவிடும். இரண்டு வெடிப்புக்கு நடுவே இரண்டு மூன்று விநாடி இடைவெளி விழுந்ததும் உடனே வேறு பாத்திரத்தில் கொட்டிவிடுங்கள்.

வெடிக்காத மணிகள் நிறையத் தங்கினால் காரணம் இரண்டு. மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரம் 180 டிகிரி செல்சியஸ் அளவில் நீராவியாகி, மணியின் மேல்தோலை உடைத்துக்கொண்டு வருவதுதான் பொரி. பழைய சோளம் காய்ந்திருக்கும். ஒரு கப் மணிக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஜாடியில் மூடி, அவ்வப்போது குலுக்கி இரண்டு மூன்று நாள் வைத்தால் மீண்டும் பதத்துக்கு வரும். இன்னொரு காரணம் தீ. மிகக் குறைவாக வைத்தால் ஈரம் மணியின் காம்பு முனை வழியாக மெல்லக் கசிந்துபோகும். மிக அதிகமாக வைத்தால் உள்ளே சூடு பரவும் முன்பே தோல் கருகும்.

உப்பு ஒட்டவில்லை என்று எல்லோரும் எண்ணெயைக் கூட்டுவார்கள், அது வேண்டாம். உப்பை மிக்ஸியில் மாவாகப் பொடித்து, பொரி சூடாக இருக்கும்போதே தூவினால் கால் தேக்கரண்டியே போதும். வெண்ணெய் வேண்டும் என்பவருக்கு நீர் வற்றும்வரை உருக்கி ஊற்றுங்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், பொரி நமத்துப்போவது அதனால்தான். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைத்தான் செய்யும், புளிப்புக்குச் சிட்ரிக் அமிலப் பொடி ஒரு சிட்டிகை போடலாம். மகளின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் வெண்ணெய்.

இனி அளவு. ஒரு கப் பொரி சுமார் 8 கிராம், அதில் மாவுச்சத்து 6 கிராம். மூன்று கப் என்றால் 18 கிராமைத் தாண்டும், நார்ச்சத்தைக் கழித்தாலும் 15 கிராம். அப்பாவுக்கு அது ஒரு துண்டு ரொட்டிக்குச் சமம், கணக்கில் வைத்துக்கொண்டு சாப்பிடலாம். கணவருக்கோ அன்றைய ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அவருக்கு ஒரு கப், கூட வேறு ஏதாவது.

அந்த வேறு ஏதாவது, கொட்டைகள். 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்பது தவறு. 30 கிராம் பாதாமோ வேர்க்கடலையோ 170 கலோரி சுமார். பையிலிருந்து நேராகக் கொறித்தால் 100 கிராம் போவதே தெரியாது, அது ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி. கொட்டைக்குக் கொட்டை வித்தியாசமும் உண்டு. 30 கிராமில் நார் நீங்கலான மாவுச்சத்து வால்நட்டில் 2, வேர்க்கடலையிலும் பாதாமிலும் இரண்டரை சொச்சம், முந்திரியில் 8 கிராம். முந்திரியைக் கணவரின் டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வேர்க்கடலையை வீட்டில் வறுப்பதில் அவசரம்தான் எதிரி. 250 கிராம் பச்சைக் கடலைக்கு ஒரு தேக்கரண்டி உப்பை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்துப் பிசறி அரை மணி வையுங்கள், உப்பு உள்ளே இறங்கும். பிறகு சிறு தீயில், கைவிடாமல் கிளறி 15 முதல் 20 நிமிடம். எடுத்துக் கடித்தால் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே இறக்கிப் பரப்பிவிட வேண்டும். மொறுமொறுப்பு ஆறும்போது வருவது. சட்டியிலேயே மொறுமொறுக்கும்வரை காத்திருந்தால் ஆறிய பின் கசக்கும். வறுக்கும் முன்பே சுருங்கியதையும், நிறம் மாறியதையும், பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு வறுத்தால் முழுதாகப் போகாது.

அப்பாவுக்குப் பொரியைவிடக் கொண்டைக்கடலை நல்லது. அதன் மாவுச்சத்து மெதுவாகத்தான் செரிக்கும், கூடவே புரதமும் நாரும் இருக்கிறது. ஓர் இரவு ஊறவைத்து, நசுக்கினால் மசிய ஆனால் உருவம் குலையாமல் வேகவைத்து வடியுங்கள். பிறகு துணியில் பரப்பி அரை மணியாவது உலரவிடுங்கள், இந்த இடத்தைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் கடலை ரப்பராக வரும். வெந்த கடலை ஒன்றரை கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 30 முதல் 40 நிமிடம். நடுவில் இருமுறை குலுக்குங்கள். மிளகாய்ப் பொடி, மிளகுப் பொடி எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான், முன்னால் போட்டால் கருகிக் கசக்கும். சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். அன்றே தீர்ந்துவிடுகிற அளவு மட்டும் செய்யுங்கள். மறுநாள் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு வந்து எப்படியும் நமத்துப்போகும். அரை கப்பில் மாவுச்சத்து 22 கிராம் இருப்பதால் கணவருக்கு இது ஆகாது. அவருக்கு ஒரு முட்டை வேகவைத்துக் கொடுங்கள், வேலை முடிந்தது.

அப்பா விஷயத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடியவை, அவருடைய மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை வந்து ரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் கொட்டையோ கடலையோ கொடுக்கக் கூடாது. கொழுப்பும் நாரும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அப்போது வேண்டியது அரை டம்ளர் பழச்சாறு அல்லது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.

மகனுக்கு: வடிகட்டி, மரக்கரண்டி இரண்டும் தனியாக இருக்கட்டும். ரொட்டித்தூள் புரட்டியதைப் பொரித்த எண்ணெயில் அவனுக்கு எதையும் பொரிக்காதீர்கள். 'குளூட்டன் இல்லை' என்ற முத்திரைக்குப் பல நாடுகளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் என்பது வரையறை. மகள் பார்க்கும் பாக்கெட்டில் 'பால் இருக்கக்கூடும்' என்றிருந்தால், அது ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. பால் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வாங்கலாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஆனால் சீலியாக் உள்ள மகனுக்கு 'கோதுமை இருக்கக்கூடும்' என்பதில் அந்தச் சலுகை கிடையாது.

சிப்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு மூன்று மட்டுமே போட்டது என்றால் பிள்ளைகள் இருவருக்கும் தடையில்லை. மகனுக்கு மட்டும் அந்தக் கோதுமை எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 கிராமில் 15 கிராம் மாவுச்சத்து, 10 கிராம் கொழுப்பு. மாவுச்சத்தில் ஏறக்குறைய மூன்று கப் பாப்கார்னுக்குச் சமம். ஆனால் இது ஒரு கை அள்ளினால் தீர்ந்துவிடும், அது பெரிய கிண்ணம் நிறைய. வாங்கும் நாளில் கிண்ணத்தில் 30 கிராம் எடை போட்டுக் கொட்டிவிட்டு, பாக்கெட்டைக் கிளிப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.