முதல் வாளி

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அசைன்மென்ட் தந்து மூன்று கிழமையாகிவிட்டது. லேப்டொப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. மூடிவிட்டுப் போன் பார்க்கிறேன். கடைசி இரவில்தான் எனக்கு வேலை ஓடும். தன்னம்பிக்கை வளர ஒரு நல்ல புத்தகம் சொல்வீர்களா?
– ஒரு மாணவன், நிலாவெளி

பதில்: சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னால், அதை வாசித்து முடித்த பிறகு அசைன்மென்டைத் தொடங்கலாம் என்று இருப்பீர்கள். உங்கள் கடிதம் நாலு பக்கம் (சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்). எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. எழுத வராத ஆளில்லை நீங்கள்.

கடைசி இரவுக் கதைக்கு வருவோம். டயான் டைஸ், ரோய் பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களை ஒரு செமஸ்டர் முழுக்கக் கவனித்து 1997இல் எழுதினார்கள். வேலையைத் தள்ளிப்போட்டவர்களுக்குத் தொடக்கத்தில் மன அழுத்தமும் நோயும் மற்றவர்களைவிடக் குறைவு. ஜாலிதான். செமஸ்டர் முடிவில் எல்லாம் தலைகீழ். கூட்டிக் கழித்தால் அதிகம் அவதிப்பட்டவர்கள் அவர்களே, புள்ளியும் குறைவு. கடைசி இரவில் வேலை ஓடுவதில்லை தம்பி, நீங்கள்தான் ஓடுகிறீர்கள்.

'என்னால் முடியும்' என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977இலேயே எழுதிவிட்டார். அடுத்தவர் தட்டிக்கொடுப்பதும் கொஞ்சம் உதவும். ஆனால் தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்துக்கு அது கிட்டவும் வராது. நீங்கள் சம்பளத்தை முதலில் கேட்கிறீர்கள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒருவர் வாளியோடு வந்து விரலை விட்டுப் பார்த்து, 'ஐயோ' என்று இழுத்துக்கொண்டு, அடுத்த கிணற்றுக்குப் போய் அங்கேயும் விரலை விட்டு, அரைமணி நேரம் சுற்றினார். கடைசியில் அவருடைய சின்ன மகன் பின்னால் வந்து ஒரு வாளியைத் தலையில் கவிழ்த்துவிட்டான். அப்புறம் மனுசனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

சரி, இன்றிரவு குப்பி எடுக்கிற (சக மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற) நண்பன் யாராவது இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். போனை அவனிடம் கொடுத்துவிட்டு ஒரு பந்தி எழுதுங்கள். மோசமாகவே எழுதுங்கள், நாளைக்குத் திருத்தலாம்.

நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் கெட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அது சோம்பலில்லை. மாணவர் ஆலோசகரிடம் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள்.

அசைன்மென்டைக் கொடுத்த பிறகு எனக்கும் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.